கடலுக்குப் போனவர் கணக்கு கரையில் இருக்கட்டும்

(விசைப்படகுத் தொழிலாளர் நலப் பயிற்சி பற்றி, மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்த நமது கூட்டமைப்பின் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஏப்ரல் 15-ல் தடைக்காலம் ஆரம்பித்ததிலிருந்து நாங்கள் துறைமுகத்துக் கொட்டகையில் படகுத் தொழிலாளிகளுக்குப் பயிற்சி நடத்திக்கிட்டு வர்றோம். படகெல்லாம் கட்டிக் கிடக்கிற 61 நாள்தான் அவர்களைப் பிடிக்க முடியும். அந்தப் பயிற்சியைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்று தலைவி அக்காவிடம் கேட்டபோது, "ஆம்பளைகளுக்கு நடத்துற பயிற்சிக்கு எங்களை எதுக்குக் கூப்பிடுறீங்க? நாங்களா கடலுக்குப் போறோம்?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு பதில் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

மீன்பிடித் தொழிலாளருக்கென்று உலக அளவில் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு, அதாவது ஐ.எல்.ஓ., 2007-ல் கொண்டு வந்தது. 188-வது ஒப்பந்தம் என்று சொல்வார்கள். 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. நம் நாடு இன்னும் இதை ஏற்று ஒப்பமிடவில்லை. அதனால் இதைக் காட்டி யார் மேலும் இங்கே வழக்குப் போட முடியாது. ஆனாலும் ஒரு படகில் எது முறை, எது முறையில்லை என்று அளந்து பார்க்க இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடையாது. பயிற்சியில் நாங்கள் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இதிலிருந்து எடுத்ததுதான்.

இதில் கரையும் வருகிறது, வீடும் வருகிறது. படகில் யார் யார் போகிறார்கள் என்ற பெயர்ப் பட்டியலின் ஒரு நகல், படகு கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ கரையில் பொறுப்பானவரிடம் இருக்க வேண்டும் என்கிறது. தொழிலாளிக்கு வரும் காசையும், அவர் வாங்கும் முன்பணத்தையும் செலவில்லாமல் குடும்பத்துக்கு அனுப்ப வழி செய்ய வேண்டும் என்கிறது. கடலில் வேலை செய்கிறவருடைய உரிமையில் பாதி கரையில் இருப்பவர் கையில் இருக்கிறது என்று இதை எழுதினவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அதனால்தான் உங்களைக் கூப்பிட்டோம்.

முதலில் பெயர்ப் பட்டியல். இதென்ன பெரிய விஷயம் என்று தோன்றும்.

2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஓகி புயல் அடித்தது ஞாபகம் இருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்க்காரர்கள் நாள் கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்கள். புயல் உருவாகும் முன்பே கடலுக்குள் வெகுதூரம் போய்விட்டார்கள். எச்சரிக்கை அவர்கள் காதுக்குப் போய்ச் சேரவில்லை. எந்தப் படகில் எத்தனை பேர், யார் யார் என்று யாரிடமும் முழுப் பட்டியல் கிடையாது. ஊர்க்காரர்கள் வீடு வீடாகப் போய்ப் பெயர் சேர்த்தார்கள். அரசாங்கம் சொன்ன எண்ணிக்கை ஒன்று, ஊர் சொன்ன எண்ணிக்கை வேறு. அந்தப் படகுகளில் அசாம் போன்ற வெளி மாநிலத்திலிருந்து வந்து வேலை செய்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காகத் துறைமுக வாசலில் நின்று அழ அம்மாவோ மனைவியோ இங்கே இல்லை.

காணாமல் போனவர் இறந்துவிட்டார் என்று சட்டம் எடுத்துக்கொள்ள ஏழு வருஷம் ஆகும். அதுவரை இறப்புச் சான்று இல்லை. அது இல்லாமல் காப்பீடு, உதவித்தொகை எதுவும் கிடைப்பது கஷ்டம். ஓகிக்குப் பிறகு அந்த விதியைத் தளர்த்தி, குடும்பங்களுக்கு 20 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள். அது பெரிய புயல், நாடே பார்த்தது, அதனால் தளர்த்தினார்கள். ஒரு படகு, ஒரு ஆள் என்று போனால் யார் தளர்த்துவார்கள்? அந்த ஆள் அன்றைக்கு அந்தப் படகில் போனார் என்று காட்ட உங்கள் கையில் ஒரு காகிதம் வேண்டாமா?

பயிற்சியில் நாங்கள் சொல்லும் இன்னொரு சம்பவம் வெளிநாட்டில் நடந்தது. 2015-ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் இந்தோனேஷியாவின் பெஞ்ஜினா தீவுக்குப் போய்ப் பார்த்தார்கள். தாய்லாந்து முதலாளிகள் நடத்திய மீன்பிடிப் படகுகளில், ஏமாற்றிக் கூட்டி வரப்பட்டவர்கள் வருஷக் கணக்கில் ஊர் திரும்ப முடியாமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலோர் மியான்மர்க்காரர்கள். சிலரைக் கூண்டில் பூட்டி வைத்திருந்தார்கள். அங்கே ஒரு இடுகாடு. செத்தவர்களைப் பொய்யான தாய்லாந்துப் பெயர்களில் புதைத்திருந்தார்கள். ஊரில் இருக்கும் அம்மா எந்த ஜென்மத்தில் போய்த் தேடினாலும் மகனுடைய பெயர் அந்தக் கல்லில் இருக்காது. செய்தி வந்த பிறகு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். ஐரோப்பிய நாடுகள் அதே வருஷம் தாய்லாந்து மீனுக்கு எச்சரிக்கை அட்டை காட்டின. 2019 ஜனவரியில் தாய்லாந்து இந்த 188-வது ஒப்பந்தத்தில் சேர்ந்தது.

இதைச் சொல்லும்போது நம்ம ஆட்கள் "நம்ம ஊர்ல கூண்டெல்லாம் கிடையாதும்மா" என்பார்கள். உண்மைதான், கூண்டு கிடையாது. முன்பணம் இருக்கிறது.

முன்பணம் என்றால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிள்ளை படிப்புக்கு, மகள் கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று படகு ஓனரிடம் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் வாங்குகிறோம். வட்டி கிடையாது, உடனே கிடைக்கும். குழுக் கடனைவிட லேசு என்றுகூடத் தோன்றும். ஆனால் அந்தப் பணம் தீரும்வரை அவர் வேறு படகுக்குப் போக முடியாது. போக வேண்டுமென்றால் புது ஓனர் பழைய ஓனருக்குக் கட்டுவார்; கடன் அப்படியே இடம் மாறும், ஆளும் அதோடு சேர்ந்து மாறுவார். உடம்பு சரியில்லை, இந்தத் தடவை போகலை என்று சொல்ல வாய் வராது. பங்கு குறைந்தாலும் கேட்க வாய் வராது. இதுதான் அந்த வட்டியில்லாக் கடனுக்கு நாம் கட்டுகிற வட்டி.

முன்பணம் வாங்குவது தப்பில்லை, கொடுப்பதும் தப்பில்லை. கடனைச் சாக்கு வைத்து ஒருவரை வேறு வேலைக்குப் போக விடாமல் தடுத்தால், குறைந்த கூலிக்கு உழைக்க வைத்தால், அது கொத்தடிமைத்தனம். 1976-ம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அதைத் தடை செய்கிறது. அப்படிப்பட்ட கடனே செல்லாது என்கிறது. கலெக்டரிடமோ கோட்டாட்சியரிடமோ மனு கொடுக்கலாம். ஆனால் மனு கொடுக்கிற அளவுக்குப் போவதற்கு முன்னால், நம்மிடம் கணக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எவ்வளவு வாங்கினோம், எந்தத் தேதியில், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு பிடித்தார்கள், பாக்கி எவ்வளவு? பயிற்சிக்கு வந்தவர்களிடம் கேட்டோம். பாக்கி எவ்வளவு என்று கேட்டதும் பாதிப் பேர் பக்கத்து ஆள் முகத்தைப் பார்த்தார்கள். "ஓனர் நோட்டுல இருக்கு" என்றார் ஒருவர். ஓனர் நோட்டில் மட்டும் இருப்பது கணக்கில்லை.

நம் குழுவில் ஐந்து ரூபாய் அபராதத்துக்குக்கூட நோட்டில் கையெழுத்து வாங்குகிறோம். உறுப்பினர் பாஸ்புக் தனி, கடன் பேரேடு தனி, தீர்மான நோட்டு தனி. இவ்வளவு கணக்குத் தெரிந்த வீட்டில், வீட்டுக்காரர் பத்து நாள் கடலில் கிடந்து கொண்டு வருகிற பங்குக்கு மட்டும் ஏன் ஒரு வரி எழுதி வைப்பதில்லை?

இந்தக் கூட்டமைப்புக்கு வந்த ஒரு அக்கா எழுதுகிறார். மூணு வருஷமாக ஒரு நாற்பது பக்க நோட்டில், படகு போன தேதி, வந்த தேதி, கையில் வந்த காசு, முன்பணத்துக்குப் பிடித்தது, அவ்வளவுதான் எழுதியிருக்கிறார். கடன் தீர்ந்துவிட்டது என்று அவர் சொன்னார். ஓனர் வீட்டில் இன்னும் பதினோராயிரம் இருக்கு என்றார்கள். நோட்டை எடுத்துக்கொண்டு போனார். ரெண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துத் தேதி தேதியாகப் பார்த்தார்கள். ஓனர் பக்கம் நாலு தடவை வரவு விட்டுப் போயிருந்தது. சண்டை இல்லை, கூச்சல் இல்லை. அந்த ஓனர் அம்மா, "நீ எழுதி வச்சிருக்கியா, அப்ப சரிதான்" என்று அடித்துக் கொடுத்துவிட்டார். ஏமாற்ற வேண்டும் என்று அவர்கள் செய்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை. எழுதாத இடத்தில் பாக்கி எப்போதும் ஏழை பக்கம்தான் சேரும்.

இப்போது பங்குக் கணக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், நோட்டு இருப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். பங்கு பிரிப்பது துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறும். ஒரு உதாரணத்துக்குத்தான் இந்த எண்ணெல்லாம். பத்து நாள் தங்கலுக்குப் போன படகு. மீன் ஏலம் போனது 4,00,000 ரூபாய். டீசல் 1,80,000. ஐஸ் 20,000. சாப்பாட்டுச் சாமான், தண்ணீர் 15,000. ஏலக் கமிஷன் 20,000. சில்லறைச் செலவு 5,000. ஆக, செலவு 2,40,000. மிச்சம் 1,60,000. இதில் நூற்றுக்கு அறுபது ஓனருக்கு, நாற்பது ஆட்களுக்கு என்று பேச்சு. ஆட்கள் பக்கம் 64,000. ஏழு பேர், டிரைவருக்கு ரெண்டு பங்கு, மற்ற ஆறு பேருக்கு ஒவ்வொரு பங்கு, ஆக எட்டுப் பங்கு. ஒரு பங்கு 8,000. முன்பணத்துக்கு 2,000 பிடித்தால் வீட்டுக்கு 6,000.

டீசல் 1,80,000-க்குப் பதில் 2,00,000 என்று சொன்னால் என்ன ஆகும்? போட்டுப் பாருங்கள். மிச்சம் 1,40,000. ஆட்கள் பக்கம் 56,000. ஒரு பங்கு 7,000. டீசல் பில்லில் நடந்த ஒரு மாற்றத்துக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஆயிரம் ரூபாய் குறையும். அதனால்தான் "எவ்வளவு கிடைச்சுது" என்று மட்டும் கேட்காமல், "ஏலம் எவ்வளவு போச்சு, டீசல் எவ்வளவு எழுதினாங்க, வலை ரிப்பேரைச் செலவுல சேர்த்தாங்களா" என்று வீட்டுக்காரரிடம் கேட்கச் சொல்கிறோம். சாப்பாடும் குடிதண்ணீரும் ஓனர் செலவு என்பதுதான் அந்த ஒப்பந்தத்தின் பொது விதி. பங்கு முறையில் முன்கூட்டியே எழுதிப் பேசியிருந்தால் மட்டும் பொதுச் செலவில் கழிக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். எழுதிப் பேசுவது என்பதுதான் இதிலும் முக்கியம்.

ஓனர்களைத் திருடர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. இங்கே ஓனர் வீட்டுப் பெண்களும் உறுப்பினராக இருக்கிறீர்கள். பல ஓனர்கள் தாங்களே கடலுக்குப் போகிறவர்கள். ஏல வியாபாரியிடம் லட்சக்கணக்கில் வாங்கிவிட்டு, அவர் சொன்ன விலைக்கே மீனைப் போட வேண்டிய நிலையில் இருக்கிறார்கள். தொழிலாளி கழுத்தில் இருக்கிற அதே கயிறு கொஞ்சம் தடிமனாக ஓனர் கழுத்திலும் இருக்கிறது. பில்லைக் காட்டிக் கணக்குப் பிரிக்கிற ஓனருக்கு ஆள் நிலையாக நிற்பார்கள். அதையும் பயிற்சியில் ஓனர்களுக்குச் சொல்கிறோம்.

வேலைப் பேச்சையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறோம். பெரிய பத்திரம் வேண்டாம். ஆள் பெயர், பிறந்த தேதி, படகுப் பெயர், பதிவு எண், என்ன வேலை, பங்கு எத்தனை, கணக்கு எப்படிப் பிரிப்பது, அடிபட்டால் யார் செலவு. அவருக்குப் புரிகிற மொழியில் ஒரு பக்கம். ஒன்று படகில், ஒன்று வீட்டில்.

ஓய்வு பற்றிச் சொன்னால் கொட்டகையே சிரிக்கிறது. மூணு நாளுக்கு மேல் கடலில் தங்கும் படகில், 24 மணி நேரத்தில் 10 மணி நேரமாவது ஓய்வு, வாரத்துக்கு 77 மணி நேரம் என்று விதி. "மடி இழுக்கிற நேரத்துல யாரும்மா தூங்குவா" என்கிறார்கள். ஆனால் விரல் போனவர், கை போனவர் கதையைக் கேட்டால், வின்ச் பக்கத்தில் தூக்கக் கலக்கத்தில் நின்ற கதையாகவே இருக்கிறது. முறை போட்டுத் தூங்க முடியும் என்று டிரைவர்களே கடைசியில் ஒத்துக்கொள்கிறார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாக வீட்டில் சொல்லுங்கள். மீன் போடும் கிடங்கில் அழுகின மீன், கழிவுத் தண்ணீர் தேங்கினால் விஷவாயு உண்டாகும். முதலில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் அந்த நாற்றமே மூக்குக்குத் தெரியாது. இறங்கினவர் மயங்கி விழுவார். தூக்கப் போனவரும் விழுவார். தடைக்காலம் முடிந்து கிடங்கைக் கழுவும்போது மூடியைத் திறந்து நல்லாக் காற்று விட்ட பிறகுதான் இறங்கணும். தனியாக இறங்கக் கூடாது. மேலே ஒரு ஆள் கயிற்றோடு நிற்கணும். உள்ளே ஒருவர் விழுந்தால் அவசரப்பட்டுப் பின்னால் குதிக்கக் கூடாது. இது ஆம்பளைகளுக்குச் சொன்னால் போதாது. வீரம் காட்டுகிற இடம் என்று நினைத்துவிடுகிறார்கள். நீங்கள் சொன்னால்தான் நிற்கும்.

பையன்கள் விஷயம். பதினாறு வயசுக்குக் கீழே படகு வேலை கூடாது, ஆபத்தான வேலைக்குப் பதினெட்டு என்பது விதி. பத்தாம் வகுப்பு லீவில் "சும்மா சமையலுக்குத்தானே" என்று அனுப்புகிறோம். சமையலுக்குப் போனவன் ரெண்டாம் நாளே வலையில் நிற்பான், கையில் காசு பார்த்தவன் பள்ளிக்கூடம் திரும்ப மாட்டான். இதில் முடிவு எடுக்கிறது நாம்தான், அதனால் இதை நீட்டவில்லை.

வெளிநாட்டுக்கு மீன்பிடிக்கப் போகிறவர்கள் வீட்டிலும் இதே நோட்டு வேண்டும். 2020-ல் கொரோனா நேரத்தில் ஈரானில் மாட்டிக்கொண்ட மீனவர்களை நினைத்துப் பாருங்கள். வேலை இல்லை, சாப்பாட்டுக்குத் திண்டாட்டம். ஜூலை 1-ம் தேதி ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பல் 687 பேரைத் தூத்துக்குடியில் கொண்டு வந்து இறக்கியது. அதில் பெரும்பாலோர் நம் தமிழக மீனவர்கள். இப்படி ஒரு நேரத்தில் கரையிலிருந்து மனு எழுத உட்கார்ந்தால் பாஸ்போர்ட் எண், விசா நகல், ஓனர் பெயர், படகுப் பெயர் எல்லாம் கேட்பார்கள். வேலைக்கு ஆள் சேர்க்க ஏஜெண்ட் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்றும் அந்த ஒப்பந்தம் சொல்கிறது. கேட்டால் நம் ஊரில் சிரிப்பார்கள். சிரித்தாலும் கொடுத்த காசுக்கு ரசீது கேளுங்கள்.

இந்தப் பயிற்சிகள் இப்போது அதிகமாவதற்கு ஒரு காரணம், நம் இறாலும் கணவாயும் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் "எப்படிப் பிடிச்சீங்க, யாரை வச்சுப் பிடிச்சீங்க" என்று கேட்கத் தொடங்கியதுதான். நல்லதுதான். ஆனால் அவர்கள் வருகிற அன்றைக்கு மட்டும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிப் படம் எடுத்துவிட்டு, மறுநாள் மூட்டை கட்டி வைக்கிற பழக்கமும் வந்துவிட்டது. கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தை ஆபீஸ் பீரோவில் வைத்துக்கொள்கிறார்கள். தொழிலாளி கையில் நகல் இல்லை. வெளியூரிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவர் இதைக் கண்டுபிடிக்க முடியாது. வாரா வாரம் குழுவாக உட்காருகிற நீங்கள் கண்டுபிடிக்கலாம்.

ஜூன் 14 ராத்திரி தடைக்காலம் முடிகிறது. அதற்குள் ஒவ்வொரு குழுவும் செய்ய வேண்டியதைத் தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். படகுக்குப் போகிற ஆள் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நோட்டு. முதல் பக்கத்தில் படகுப் பெயர், பதிவு எண், ஓனர் பெயர், டிரைவர் பெயர், கூடப் போகிற எல்லோருடைய பெயரும் ஊரும். ஒடிசாக்காரர், ஆந்திராக்காரர் என்று எழுதாதீர்கள். பெயரைக் கேட்டு எழுதுங்கள், அவர் வீட்டு போன் நம்பரையும் வாங்குங்கள். ஆள் மாறினால் கிளம்பும் முன் ஒரு போன் செய்து மாற்றி எழுதுங்கள். இரண்டாம் பக்கம் முன்பணம். மூன்றாம் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தங்கலுக்கும் ஒரு வரி. எழுதத் தெரியாத அக்காமார்களுக்கு ஊக்குநர் எழுதிக் கொடுக்கணும்.

மீனவர் நல வாரியத்தில் பதிவு இருக்கிறதா, அடையாள அட்டை இருக்கிறதா, விபத்துக் காப்பீட்டில் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 2020-ல் தொடங்கிய மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் விபத்து மரணத்துக்கு 5 லட்சம் என்று வைத்தார்கள்; பெயர் பதிவு இல்லாதவருக்கு அது ஏட்டில் மட்டும்தான். உங்கள் பெயர் வாரிசாக எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெயர் கொடுத்தது அப்படியே கிடக்கும்.

நோட்டின் பின் அட்டையில் மூணு நம்பர் எழுதுங்கள். கடலோரக் காவல்படை 1554. கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீஸ் 1093. பையன்கள் விஷயத்துக்கு 1098.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது குழுவுக்கு ரெண்டு நோட்டாவது கையில் கொண்டு வாருங்கள், எழுதினது சரியா என்று சேர்ந்து பார்ப்போம். பங்குக் கணக்கில் சந்தேகம் இருக்கிறவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு இந்தப் பக்கம் உட்காருங்கள். உங்கள் துறைமுகத்தில் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று நீங்கள் சொல்ல வேண்டும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.